உயரமான மகளும் வீட்டாரின் பேச்சும்

உங்கள் கேள்வியை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்குப் பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். உயரம் 172 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 5 அடி 8 அங்குலம். பையன்களையும் சேர்த்து வகுப்பிலேயே அவள்தான் உயரம். பூப்பெய்தி ஒன்றரை ஆண்டு ஆகிறது. கடந்த ஓராண்டில் 2 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். அவளுடைய தந்தையின் உயரம் 183, உங்களுடையது 168. சில மாதங்களாகத் தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கிறாள், புகைப்படம் எடுத்தால் முழங்காலை மடக்கி நிற்கிறாள், பால் குடிப்பதை நிறுத்திவிட்டாள், ஆண்டு விழா நடனத்தில் சேர்த்துக்கொள்ளாத நாளிலிருந்து பள்ளிக்குப் போகவே தயங்குகிறாள். வளர்ச்சியை நிறுத்த மருந்து உண்டா, என்ன சொல்லி அவளுக்குத் தைரியம் ஊட்டுவது, உடற்கல்வி ஆசிரியர் கைப்பந்து அணிக்கு அழைக்கிறாரே, கட்டாயப்படுத்திச் சேர்க்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இந்த வயதுப் பிள்ளைகளை நீண்ட காலமாகப் பார்த்துவரும் குழந்தைகள் நல மருத்துவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் மருந்தைப் பற்றிய கேள்வி. தேவையில்லை, தேடவும் வேண்டாம். பெற்றோரின் உயரத்திலிருந்து பிள்ளையின் உயரத்தைத் தோராயமாகக் கணிக்க மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கைப் பயன்படுத்துகிறோம். தந்தையின் உயரத்தையும் தாயின் உயரத்தையும் கூட்டி, பெண் பிள்ளையாக இருந்தால் அதிலிருந்து 13 சென்டிமீட்டரைக் கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கணக்கில் அது 169 வருகிறது. இந்த எண்ணுக்கு மேலும் கீழும் எட்டரை சென்டிமீட்டர் வரை இயல்பு என்று எடுத்துக்கொள்வதால், உங்கள் மகள் ஏறத்தாழ 160 முதல் 177 வரை எங்கே நின்றாலும் அது உங்கள் இருவரிடமிருந்தும் அவளுக்கு வந்த உயரமே. அவள் இப்போது இருக்கும் 172 அந்த எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. நல்ல ஊட்டம் கிடைக்கும் சூழலில் மனிதர்களிடையே காணப்படும் உயர வேறுபாட்டில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மரபணுக்களால் வருவது. நீங்கள் கொடுத்த முட்டையாலோ அவள் ஆடிய ஸ்கிப்பிங்காலோ வந்த உயரம் அன்று இது.

இனி எவ்வளவு வளர்வாள் என்பதையும் ஓரளவு சொல்லிவிடலாம். பெண் பிள்ளைகளின் வளர்ச்சி வேகம் உச்சத்தைத் தொடுவது பதினொன்றரை, பன்னிரண்டு வயதை ஒட்டி. அந்த ஓராண்டில் சுமார் 8 சென்டிமீட்டர் வளர்வது சாதாரணம். முதல் மாதவிடாய் வருவது அந்த உச்சம் கடந்த பிறகுதான். அதற்குப் பின் சராசரியாக 5 முதல் 7 சென்டிமீட்டர் வளர்வார்கள். அதில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். உங்கள் மகள் கடந்த ஆண்டில் 2 சென்டிமீட்டர்தான் வளர்ந்திருக்கிறாள் என்றால் வேகம் அடங்கிவிட்டது. இன்னும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடலாம், அவ்வளவுதான். இதை அவளிடமும் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். இந்த வயதில் உயரமாக இருக்கும் பெண்கள் பலருக்கு, வெளியே சொல்லாவிட்டாலும், தான் நிற்காமல் வளர்ந்துகொண்டே போய்விடுவோமோ என்ற பயம் உள்ளுக்குள் இருக்கிறது. ஆறுதல் வார்த்தையைவிட ஓர் எண் அந்தப் பயத்தை நன்றாகத் தீர்க்கும்.

வளர்ச்சியைத் தடுக்கும் சிகிச்சை முன்பு இருந்தது என்பதையும், அதன் விளைவையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1950களின் பிற்பகுதி தொடங்கிப் பல பத்தாண்டுகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் உயரமாக வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு, எலும்பின் வளர்முனைகள் சீக்கிரம் மூடிக்கொள்ளட்டும் என்று ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை அதிக அளவில் கொடுத்தார்கள். நோய் எதுவும் இல்லாத பிள்ளைகள் அவர்கள். உயரமான பெண்ணுக்குக் கணவன் கிடைப்பது கடினம் என்ற பெற்றோரின் கவலையே பெரும்பாலும் அந்தச் சிகிச்சைக்குக் காரணமாக இருந்தது. அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகு ஆஸ்திரேலியாவில் அவர்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தபோது, சிகிச்சை பெற்றவர்களுக்குக் கருத்தரிப்பதில் கூடுதல் சிரமம் இருந்தது தெரியவந்தது. அந்த ஆய்வு 2004இல் வெளியானது. சில சென்டிமீட்டரைக் குறைப்பதற்காக அந்தப் பெண்கள் கொடுத்த விலை அது. இன்று இயல்பான உயரத்துக்கு இந்தச் சிகிச்சையைப் பொறுப்புள்ள மருத்துவர் யாரும் எழுதித் தருவதில்லை. ‘உயரக் கட்டுப்பாடு’ என்று மாத்திரையோ லேகியமோ யாராவது விற்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உயரத்துக்குப் பின்னால் நோய் இருக்குமோ என்ற ஐயம் எப்போது வர வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் இருவரும் சராசரி உயரமாக இருந்து பிள்ளை மட்டும் மிக உயரமாக வளர்வது. விரல்கள் அளவுக்கு மீறி நீண்டிருப்பதோடு, இரு கைகளையும் விரித்து அளந்தால் அந்த அளவு உயரத்தைத் தெளிவாகத் தாண்டிப்போவது. மார்பெலும்பு குழிந்தோ துருத்தியோ இருப்பது. சிறு வயதிலேயே கண் பார்வை மிகவும் குறைவது. குடும்பத்தில் யாராவது இளம் வயதில் இதயக் கோளாறால் திடீரென்று இறந்திருப்பது ஆகியவை, உடலின் இணைப்புத் திசுக்களைப் பாதிக்கும் மரபுவழி நோயான மார்ஃபான் நோய்க்குறியைக் குறிக்கலாம். அப்படியானால் இதயத்தை எக்கோ பரிசோதனையில் பார்த்தே ஆக வேண்டும். ஓயாத தலைவலி, படபடப்பு, உடல் மெலிவு, பூப்பெய்தி ஈராண்டு கடந்தும் வேகம் குறையாத வளர்ச்சி ஆகியவற்றுக்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் மகளிடம் இவற்றில் எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஆனால் பாலை நிறுத்திவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்று நினைத்துப் பட்டினி கிடக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உயரம் அதனால் குறையாது. வாழ்நாள் முழுவதற்கும் எலும்பில் சேமிக்க வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சேமிக்கும் வயது இது என்பதால் எலும்புதான் பலவீனப்படும், மாதவிடாய்க் காலத்தில் இரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும். பால் பிடிக்கவில்லை என்றால் தயிர், கேழ்வரகு, எள், கீரை, முள்ளோடு தின்னும் சிறு மீன் என்று வேறு வழியில் கொடுங்கள். சத்து எதையும் நிறுத்த விடாதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அவளிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிட முதலில் பார்க்க வேண்டியது, அவள் காதில் விழும்படி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது. உயரமாக வளர்ந்த ஒரு பெண் பிள்ளை நம் வீடுகளில் ஒரு வாரத்தில் கேட்கும் சொற்களை நினைத்துப் பாருங்கள். பனைமரம், ஒட்டகச்சிவிங்கி, ஒட்டடைக்குச்சி, நெட்டைக்கொக்கு. தேர்வில் மதிப்பெண் குறைந்தால் ‘ஆள் வளர்ந்த அளவுக்கு அறிவு வளரலையே’ என்று ஒரு வசை. கல்யாண வீட்டுக்குப் போனால் ‘அடேயப்பா, என்ன இப்படி வளர்ந்துட்டா’ என்று ஆளாளுக்கு ஒரு வியப்பு. பரணில் இருக்கும் பாத்திரத்தை எடுக்க வேண்டுமென்றால் மட்டும் ‘கூப்பிடு அந்த நெட்டச்சியை’ என்று ஒரு செல்லம். இவற்றில் பெரும்பாலானவை அன்பாகவே சொல்லப்படுகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் கேட்கும் பிள்ளைக்கு எல்லாம் சேர்ந்து ஒரே செய்தியாகத்தான் போய்ச் சேர்கிறது: இந்த வீட்டில் என்னைப் பற்றிப் பேச என் உயரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

இவை எல்லாவற்றிலும் கொடியது கல்யாணப் பேச்சு. ‘இப்படியே வளர்ந்தா எவன் கட்டிக்குவான், மாப்பிள்ளைக்கு எங்கே போறது’ என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். தன் உடம்பு இன்னும் பார்த்தேயிராத ஒருவனுக்குப் பொருந்தாமல் போய்விட்டது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதை மென்மையாகக் கடந்துபோகாதீர்கள், நிறுத்துங்கள். உங்கள் மாமியார் சொல்கிறார் என்றால், பிள்ளை இல்லாத நேரம் பார்த்து, மரியாதை குறையாமல், ஆனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள்: ‘அத்தை, அவ எட்டாவதுதான் படிக்கிறா. இந்தப் பேச்சு அவ காதுல விழ வேண்டாங்க.’ அப்படியும் அவள் முன்னால் யாராவது ஆரம்பித்துவிட்டால், அவள் கேட்கும்படியே மறுத்துப் பேசுங்கள்: ‘அவ அவங்க அப்பா மாதிரி வளர்ந்திருக்கா, எங்களுக்கு அதுல ஒரு குறையும் இல்லை.’ உறவினர் மனம் கொஞ்சம் கோணலாம். தன் பக்கம் நிற்க ஆள் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும். உறவுக்காரர்களிடம் இதைச் சொல்லும் பொறுப்பை அவளுடைய தந்தையும் ஏற்க வேண்டும். தன் அம்மாவிடமும் தங்கையிடமும் அவரே சொன்னால் அதற்கு மறுபேச்சு இருக்காது.

நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் சில ஆறுதல்களும் பயன் தருவதில்லை. ‘பசங்க எல்லாரும் பத்தாவது வர்றதுக்குள்ள உன்னைத் தாண்டிடுவாங்க’ என்பது அவற்றில் ஒன்று. பையன்களின் வளர்ச்சி உச்சம் பெண்களைவிட இரண்டு ஆண்டு பிந்தி, பதின்மூன்றரை, பதினான்கு வயதில் வருவது உண்மை. எட்டாம் வகுப்பில் பல பெண்கள் பையன்களைவிட உயரமாக இருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் இந்தியாவில் வயது வந்த ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 சென்டிமீட்டர்தான். பெண்களின் சராசரி சுமார் 152. உங்கள் மகள் இப்போதே ஆண்களின் சராசரியைக் கடந்துவிட்டாள். அவளைத் தாண்டாத பையன்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். பொய்யான வாக்குறுதியைக் கொடுத்தால் இரண்டு ஆண்டு கழித்து அது உடையும்போது உங்கள் பேச்சில் அவளுக்கு நம்பிக்கை போய்விடும். தவிரவும், ஆண் உயரமாக இருந்தால்தான் எல்லாம் சரியாகும் என்ற எண்ணத்தை அந்த ஆறுதலே அவள் மனத்தில் விதைக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள்: ‘நீ எங்கே போனாலும் பெரும்பாலும் நீதான் உயரமா இருப்ப. நெதர்லாந்துல பெண்களோட சராசரி உயரமே ஏறக்குறைய 170. அங்கே உன்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. இங்கே பார்ப்பாங்க, கேள்வி கேட்பாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு நாம சேர்ந்து யோசிக்கலாம்.’ அதுபோலச் சேர்ந்து யோசிப்பது நல்ல பயிற்சி. ‘எவ்வளவு ஹைட்?’ என்று கேட்பவருக்குத் தயங்காமல் ‘172’ என்று எண்ணைச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போவது, கிண்டல் செய்யும் பையனிடம் ‘தெரியும்’ என்ற ஒரே சொல்லோடு நகர்ந்துவிடுவது என்று வீட்டிலேயே இரண்டு மூன்று பதில்களைச் சொல்லிப் பார்க்கட்டும். கேலி ஒரே ஆளிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தால் அது அவள் தனியாகச் சமாளிக்க வேண்டியதன்று. வகுப்பாசிரியரிடம் நீங்கள் நேரில் போய்ப் பேச வேண்டியது.

இந்த இடத்தில் உங்களைப் பற்றி ஒன்று கேட்கத் தோன்றுகிறது. 168 சென்டிமீட்டர் என்றால் நீங்களும் உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் நின்றவராகத்தான் இருப்பீர்கள். உங்கள் கல்யாணப் புகைப்படத்தில் எப்படி நிற்கிறீர்கள்? செருப்புக் கடையில் குதி உயர்ந்த செருப்பைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்ததுண்டா? தங்களுக்கு நேர்ந்தது மகளுக்கும் நேரக் கூடாது என்று பதறும் தாய்மார்கள், அந்தப் பதற்றத்தையே மகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் அறையில் சுவரில் உயரம் அளக்கும் கோல் ஒன்று உண்டு. அதில் நிறுத்தும்போது சில பெண்கள் குதிகாலைத் தரையில் அழுத்தி, முழங்காலை யாருக்கும் தெரியாதபடி மடக்கி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். எண் ஒரு கோடாவது குறையட்டும் என்று. ஒருமுறை அப்படிச் செய்த சிறுமியை நிமிர்ந்து நிற்கச் சொல்லிவிட்டு, அருகில் இருந்த தாயையும் அளந்து பார்க்கலாமா என்று கேட்டேன். அவரும் அதே போலக் கழுத்தை இழுத்துக்கொண்டு நின்றார். மகளுக்கு அதை யாரும் வாய் திறந்து சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஆகவே நீங்கள் நிமிர்ந்து நடப்பதும், உங்கள் உயரத்தைப் பற்றி நீங்கள் பேசும் விதமும் அவளுக்கு நேரடிப் பாடங்கள். சிறு வயதில் உங்களுக்கு வலித்த ஒன்றை அவளிடம் சொல்லுங்கள். அறிவுரை எதுவும் சேர்க்காமல், நடந்ததை நடந்தபடி.

பேச்சைவிட எனக்கு அதிக நம்பிக்கை இருப்பது பொருட்களிடம். உயரமான பிள்ளைக்கு அன்றாடம் தொல்லை தருவது அவள் உயரமே அன்று, அவள் தொடும் எதுவும் அவள் அளவுக்கு இல்லை என்பதுதான். மணிக்கட்டுக்கு மேலே நிற்கும் சட்டைக் கை, கணுக்கால் தெரியும் சுடிதார் பேன்ட், இடுப்புக்கு வர வேண்டிய மடிப்பு விலாவில் நிற்கும் மேல்கோட்டு ஆகியவற்றைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை நிமிர்ந்து நின்றால், அவை இன்னும் குட்டையாகத் தெரியும். அதனால்தான் அவள் குறுகுகிறாள். வகுப்பை வைத்து அளவு போடும் கடையில் சீருடை வாங்காமல், துணியாக வாங்கித் தையல்காரரிடம் அவளை நேரில் அளவெடுக்கச் சொல்லுங்கள். கையிலும் காலிலும் உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டு மடித்துத் தைக்கச் சொன்னால், ஆண்டு நடுவில் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். அவள் காதுபட ‘இவளுக்குத் துணி அரை மீட்டர் கூடப் பிடிக்குது’ என்று கடைக்காரர் சலித்துக்கொண்டால், ‘பிடிக்கட்டும், வெட்டுங்க’ என்று இயல்பாகச் சொல்லிவிடுங்கள். பட்டுப்பாவாடையில் இரண்டு டக் கூடுதலாகப் பிடித்து வைப்பது நம் பாட்டிகளுக்கே தெரிந்த உத்தி. அவள் சேலை கட்டும் வயது வரும்போது, கடையில் பன்னாவை, அதாவது சேலையின் அகலத்தை, கேட்டு வாங்குங்கள். வழக்கமான 44, 45 அங்குலப் பன்னாவில் இடுப்பில் செருகிய பிறகு அவளுக்குக் கணுக்கால் தெரியும்; 48 அங்குலம் இருந்தால் தரையைத் தொடும். உள்பாவாடையையும் ஆயத்தமாக விற்பதை வாங்காமல் தைத்துக்கொள்வது நல்லது. பெண்கள் பிரிவில் 7, 8 எண்ணோடு செருப்பு முடிந்துவிட்டால் ஆண்கள் பிரிவில் வாங்குவதில் வெட்கம் எதுவும் இல்லை. இறுக்கும் காலணியைப் போட்டுக்கொண்டு, நகம் உள்ளே வளர்ந்த நிலையில் என்னிடம் வந்த பிள்ளைகள் பலர். அவர்கள் தங்கள் கால் அளவைச் சொல்லக் கூச்சப்பட்டவர்கள்.

மிதிவண்டியின் இருக்கைத் தண்டை உயர்த்துங்கள். முழங்கால் கைப்பிடியில் இடித்தால் அது அவளுக்குரிய வண்டி இல்லை. கட்டில் சிறியதானால் கால்பக்கப் பலகை இல்லாத கட்டிலுக்கு மாறுங்கள். குளியலறைக் கண்ணாடியை ஒரு சாண் மேலே ஏற்றி மாட்டுங்கள். தலையை வெட்டிக் காட்டும் கண்ணாடி முன்னால் நாள்தோறும் குனிந்து தலை வாரும் பிள்ளை, தான் இந்த வீட்டுக்குப் பெரிதாகிவிட்டோம் என்று நினைப்பது இயற்கை. ஓர் ஆணியும் சுத்தியலும் போதுமான வேலை இது.

பள்ளியில் பெஞ்சையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். புத்தகம் வைக்கும் அடிப்பலகையில் முழங்கால் முட்டுவதால் பல பிள்ளைகள் காலைப் பக்கவாட்டில் நீட்டி, இடுப்பைத் திருகிக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார்கள். உயரமானவர்களைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவது எல்லாப் பள்ளிகளிலும் வழக்கம். பின்னால் உட்காருபவர்களுக்குக் கரும்பலகை மறையக் கூடாது என்ற காரணம் நியாயமானதுதான். ஆனால் சுவரோரமாக ஓர இருக்கை கொடுத்தால் முன் வரிசையிலும் யாருக்கும் மறைக்காது. வகுப்பாசிரியரிடம் இதைக் கேளுங்கள்; நான் அறிந்தவரை பெரும்பாலான ஆசிரியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகை தெளிவாகத் தெரிகிறதா என்று அவளிடம் கேளுங்கள், கண்ணையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கூன் போடுவதைப் பற்றி. ‘நிமிர்ந்து நில்’ என்று நாளைக்குப் பத்து முறை சொல்வது பயன் தராது. அவள் உடம்பை யாரோ கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற உணர்வுதான் கூடும். முதலில் முதுகுத்தண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கால்களைச் சேர்த்து நின்று, கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் தெரிந்தாலோ, நிமிர்ந்து நிற்கையில் ஒரு தோள்பட்டை மற்றதைவிட உயர்ந்திருந்தாலோ, எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவது வேகமாக வளரும் இந்த வயதில்தான் வெளிப்படும், பெண் பிள்ளைகளுக்கு அது மோசமாகும் வாய்ப்பும் அதிகம். அது இல்லையென்றால், குறுகி நடப்பது பழக்கத்தால் வந்தது. முதுகுத் தசைக்கு வலு வந்தால் தானாகக் குறையும். நீச்சல், சிலம்பம், பரதம், யோகாசனம் என்று எது அவளுக்குப் பிடிக்கிறதோ அது. புத்தகப் பையை ஒரு தோளில் தொங்கவிடாமல் இரண்டு தோளிலும் மாட்டட்டும். பருவமடைதலோடு வந்த உடல் மாற்றங்களைப் பற்றிய கூச்சமும் தோளைக் குறுக்கச் செய்யும் என்பதை மறந்துவிடாதீர்கள். அவளுக்குச் சரியான அளவில் உள்ளாடை இருக்கிறதா என்று நீங்கள் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். அவளாக வந்து கேட்க மாட்டாள்.

பெற்றோர்கள் பெரும்பாலும் யோசிக்காத இன்னொன்று உண்டு. உயரமான பிள்ளையின் வயதை உலகம் எப்போதும் கூட்டியே மதிப்பிடுகிறது. வெளியூர்ப் பேருந்தில் பதினொரு வயதுப் பிள்ளைக்கு அரை டிக்கெட் கேட்டால், கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்க்கிறார். ஆசிரியர்கள் அவளிடம் கூடுதல் பொறுப்பை எதிர்பார்க்கிறார்கள். தன் வயதுப் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடினால் ‘இவ்வளவு பெரிய பொண்ணு’ என்று அதட்டுகிறார்கள். தெருவில் வளர்ந்த ஆண்களின் பார்வையும் பேச்சும் அவள் மேல் வயதுக்கு முன்பே விழுகின்றன. பதின்மூன்று வயது மனத்தோடு பதினெட்டு வயதுப் பெண்ணாக நடத்தப்படும் பிள்ளைக்கு வரும் குழப்பத்தை நாம் தன்னம்பிக்கைக் குறைவு என்று பெயரிட்டுவிடுகிறோம். எனவே வீட்டிலாவது அவள் வயதுக்கு இருக்க விடுங்கள். மடியில் தலை வைத்துப் படுக்கட்டும், தம்பியோடு சண்டை போடட்டும். யாருடைய பார்வையாவது, தொடுதலாவது, பேச்சாவது சங்கடமாக இருந்தால் உடனே உங்களிடம் சொல்லலாம், திட்டு விழாது என்பதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

ஆண்டு விழா நடன விஷயத்தில் அவளைத் தேற்றுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வரிசை அழகாக அமைய வேண்டும் என்று உயரமான பிள்ளையை நீக்குவது பல பள்ளிகளில் யோசிக்காமல் செய்யும் காரியம். நடன ஆசிரியரைப் பார்த்து, நடுவில் பின்னால் நிற்கும் இடமோ இரு ஓரங்களில் ஓரிடமோ கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஆண் வேடத்தை மட்டும் எப்போதும் அவளுக்கே ஒதுக்குவார்கள். அது அவளுக்கு விருப்பமா என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த ஆண்டு முடியாது என்றால் அந்தக் காரணத்தை ஆசிரியரே அவளிடம் கனிவாகச் சொல்லட்டும். பள்ளிக்குப் போகவே மறுப்பது இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, தூக்கமும் சாப்பாடும் குறைந்தாலோ, தோழிகளை முற்றிலும் விலக்கினாலோ, வாழப் பிடிக்கவில்லை என்பது போல ஒரு சொல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள்; அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கடைசியாகக் கைப்பந்து. வாய்ப்பு நல்லதுதான். பெண்கள் கைப்பந்தில் வலையின் உயரம் 2.24 மீட்டர், கூடைப்பந்தில் வளையம் 3.05 மீட்டரில் இருக்கிறது. இந்த ஆட்டங்களில் உங்கள் மகளுக்கு ஒரு சாதகம் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கும் உயரமான பிள்ளைகளை விரும்பித் தேர்ந்தெடுப்பார்கள். இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் தலைவராக இருந்த சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். 179 சென்டிமீட்டர் உயரமுள்ள பி.வி. சிந்துவின் தாயும் தந்தையும் கைப்பந்து ஆட்டக்காரர்கள். தந்தை ரமணா அர்ஜுனா விருது பெற்றவர். அவர்களுடைய மகள் தேர்ந்தெடுத்ததோ இறகுப்பந்து. கைப்பந்துக் குடும்பத்தில் பிறந்த உயரமான பெண் கைப்பந்துதான் ஆட வேண்டும் என்று அந்த வீட்டில் கட்டாயப்படுத்தவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

விளையாட்டு உயரமான பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை பதக்கத்தில் இல்லை. தன்னைப் போல உயரமான ஏழெட்டுப் பெண்கள் நடுவில் தினமும் ஒரு மணி நேரம் சாதாரண ஆளாக நிற்க முடிகிறது, உடம்பு எப்படித் தெரிகிறது என்பதை மறந்து அது என்ன செய்கிறது என்பதில் கவனம் போகிறது. அதனால்தான் நான் அதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் ஓவியமோ கணக்கோ பிடித்த பிள்ளையிடம் ‘இவ்வளவு உயரத்தை வைச்சுக்கிட்டு விளையாடாம வீணாக்குறியே’ என்று சொன்னால், அது கிண்டலைவிடக் கூடுதலாகப் புண்படுத்தும். உயரமாக இருப்பதற்கு அவள் எதையாவது ஈடாகக் கொடுத்தாக வேண்டும் என்று ஆகிவிடும். ஆகவே ஒரு மாதம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் பந்து கைக்கு வராது, வேகமாக வளர்ந்த உடம்பில் கை கால் ஒருங்கிணைய நேரம் எடுக்கும் என்று முன்பே சொல்லி வையுங்கள். உங்கள் ஊரில் கல்லூரிப் பெண்கள் ஆடும் மைதானம் இருந்தால் ஒரு மாலையில் அழைத்துப் போய்ச் சும்மா பார்க்க வையுங்கள். மாதம் முடிந்ததும் தொடர்வதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால், அதை உடற்கல்வி ஆசிரியரிடம் போய்ச் சொல்லும் சங்கடத்தை அவளுக்குக் கொடுக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.